ஸுஹைறா அடைத்த கடப்பு

சாய்ந்தமருதில் ஸுஹைறாவின் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. கிறில் அடித்த வீடு என்றால் போதும், ஓட்டோக்காரன் நேரே கொண்டுவந்து இறக்கிவிடுவான். ஜன்னலுக்குக் கிறில், முன்கதவுக்குக் கிறில், பின்வாசலுக்குக் கிறில், குசினியில் புகை போகிற ஓட்டைக்கும் கிறில். கல்முனையிலிருந்து வந்து வேலை செய்த பாக்கியராசா, கடைசிக் கம்பியை ஒட்டி முடித்துவிட்டு, "இனி உங்கட வீட்டுக்குள்ள காத்து வாறதெண்டாலும் உங்களக் கேட்டுத்தான் வரோணும்" என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். ஸுஹைறா அதைப் பட்டம் கிடைத்ததுபோல எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அவளுக்கு நாற்பது வயது. கணவன் ஜுனைட் கத்தாரில் சாரதி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, பெட்டியைப் பிரித்து, விருந்துச் சோறு தின்று, அலுப்புத் தீருமுன் திரும்பிப் போகிற மனிதன். ஒரே மகள் அம்ஹா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். வீட்டையும் மகளையும் ஸுஹைறா ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தாள். மீன்காரன் அவள் தலையில் பழைய மீனைக் கட்ட முடியாது. மேசன் அவள் கண்ணெதிரே சீமெந்தைக் குறைக்க முடியாது. கெட்டிக்காரி என்று ஊரில் பெயர். நல்லவள் என்று யாரும் மெனக்கெட்டுச் சொன்னதில்லை. அதற்காக அவள் கவலைப்பட்டதும் இல்லை.

கடல் ஊருக்குள் வந்த அந்த வருடம் அவள் கலியாணமாகாத பெண். ஊரே மேற்கே பார்த்து ஓடியது. அவளுடைய ராத்தா, மூத்தவள் றுக்ஸானா, அப்போது நிறைமாதம். அந்த வயிற்றையும் தூக்கிக்கொண்டு, தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்தபடி பிரதான வீதி வரை ஓடினாள். விழுந்தபோதும் கையை விடவில்லை. அவர்கள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் மட்டும், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறது என்று திரும்பிப் போனான். போனவன் வரவில்லை. "அடுத்த வீட்டுப் புள்ளைக்குப் போய் என்ட புள்ள போயிட்டான்" என்று அவர்களுடைய வாப்பா ஆதம்பாவா மௌத்தாகும் வரை புலம்பினார். அந்தப் புலம்பல் ஸுஹைறாவின் நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. தன்னை இழுத்துக்கொண்டு ஓடிய கை அவளுக்கு மறந்துபோனது. மனிதருக்கு வசதியானதுதான் ஞாபகத்தில் நிற்கும்.

பிறகு ஆதம்பாவா கடலைவிட்டு உள்ளே தள்ளி ஒரு வளவு வாங்கி, இரண்டு மகள்மாருக்கும் அருகருகே இரண்டு வீடு கட்டினார். இந்தப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பான். நடுவில் ஒரு மதில் எழுப்பி, அதன் பின்பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடம் விட்டார். அதுதான் கடப்பு. தெருவில் இறங்காமல், அபாயா தேடாமல், கறி ஆணக் கோப்பையைக் கையில் ஏந்தியபடி பெண்கள் வீடு விட்டு வீடு போகிற வழி. இந்த ஊர்களில் எத்தனை சண்டை வந்தாலும் கடப்பை யாரும் அடைப்பதில்லை. சண்டை முடிந்தால் திரும்பி வரவேண்டுமே. றுக்ஸானாவின் மகள் ஷாஹினா நடை பழகியதே அந்தக் கடப்பைப் பிடித்துக்கொண்டுதான். அம்ஹாவுக்குக் காய்ச்சல் வந்தால் பெரியம்மாவின் மடியில்தான் தூக்கம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் ஊரில் ஆம்பிளை கிடையாது. கடைகள் பூட்டு, ஒழுங்கைகள் வெறிச்சு, வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும். இது காலங்காலமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கள்ளர்களுக்குக் கொஞ்சம் பிந்தித் தெரிந்திருக்கிறது. அடுத்த ஒழுங்கையில் சபியா உம்மாவின் வீட்டுக்குள் வந்தவன் வெள்ளை ஜுப்பாவும் தொப்பியும் போட்டிருந்தான். பள்ளிவாசலுக்குப் போகிற யாரோ என்று கண்டவர்கள் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கடப்பால் நுழைந்து, உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்த மனிசியின் காதுப் பூவைக் கழற்றப் பொறுமையில்லாமல் இழுத்தெடுத்துக்கொண்டு போனான். காது கிழிந்து தொங்கியது. ஸுஹைறா பார்க்கப் போனாள். காதைப் பார்த்து அழுதாள். திரும்பி வரும்போது அவள் மனதில் நின்றது காது அல்ல, கடப்பு.

அவள் பயந்தது நகைக்கு மட்டும் அல்ல. வீட்டில் குமர்ப்பிள்ளை இருக்கிறது. அந்நிய ஆண் ஒருவன் உள்ளே வந்து போனான் என்றால் அவன் எதை எடுத்தான் என்று ஊர் கேட்காது. எதை விட்டுப் போனான் என்றுதான் கேட்கும். அம்ஹாவின் பெயரில் ஒரு சொல் விழக்கூடாது. அதற்காக எதையும் செய்வேன் என்று அவள் சொல்லிக்கொள்வாள். எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். பெரும்பாலான தாய்மாருக்கு அதைச் செய்து காட்டும் நிலைமை வருவதில்லை.

மேசன் வந்து கடப்பில் சீமெந்துக் கல்லை அடுக்கத் தொடங்கியபோது, கையில் அரிசிச் சுளகோடு றுக்ஸானா அந்தப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னகா இது? சொல்லாமக் கொள்ளாம."

"ராத்தா, உங்கட கேட்டுக்குக் கொண்டி கூடச் சரியில்ல. உங்கட வீட்டுக்க வாற கள்ளனுக்குக் கடப்பால எங்கட வீட்டுக்க வர எவ்வளவு நேரம்?"

"அப்ப எங்கட வீட்டுக்க கள்ளன் வந்தா நாங்க எங்கால ஓடுற?"

"ஃபோன் எடுங்க."

றுக்ஸானா சிரித்தாள். அவளுடைய கணவன் அர்ஷாத் கல்முனையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவன். கிறிலுக்கு வழியில்லை. இருந்த வழியெல்லாம் ஷாஹினாவின் கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நிந்தவூரில் அப்ராஸ் என்ற ஆசிரியர் மாப்பிள்ளை; பேச்சு முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழியக் காவின் எழுதிக் கலியாணம் என்று தீர்மானமாகியிருந்தது. "சரி, உன்ட மனம் ஆறட்டும். கலியாணத்துக்கு உடைச்சிட வேணும், சொல்லிட்டன்" என்று றுக்ஸானா அரிசி புடைக்கப் போனாள். மதிலின் மேலே போத்தல் ஓடுகளும் பதிக்கப்பட்டன. ஒரு பக்கத்துக்கு மட்டும் பதிக்க ஏலாது அல்லவா.

அடுத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை றுக்ஸானா மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். அர்ஷாத் கடையிலிருந்து நேரே பள்ளிக்குப் போய்விட்டான். ஷாஹினா முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை ஜுப்பா போட்ட ஒருவன் கேட்டடியில் நின்று, ஸலாம் சொல்லி, "வாப்பா இரிக்காரா மகள்?" என்று மரியாதையாகக் கேட்டான். "பள்ளிக்குப் போயிட்டார்" என்று அவளும் மரியாதையாகச் சொன்னாள். அவனும் அவனுக்குப் பின்னால் இன்னொருவனும் உள்ளே வந்தார்கள்.

அவள் ஓடினாள். நடை பழகிய நாளிலிருந்து ஓடிப் பழகிய பக்கம்தான் ஓடினாள். கால் பட்டுப் பட்டுப் புல் முளைக்காத அந்தத் தடத்தின் முடிவில் சீமெந்துக் கல் நின்றது. இரண்டு கையாலும் அதை அறைந்தாள்.

"சாச்சி! சாச்சி, கள்ளன் சாச்சி!"

மதிலுக்கு இந்தப் பக்கத்தில் ஸுஹைறா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் வந்த இடத்துக்கும் அவளுக்கும் ஒரு கை நீளம்தான். அம்ஹா குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள். "உம்மா, ஷாஹினா ராத்தா! கதிரையப் போட்டு ஏறினா இழுத்து எடுத்துடலாம், சாக்கப் போடுங்க ஓட்டுக்கு மேல" என்று சொல்லிக்கொண்டே கதிரையைத் தூக்கினாள். பிள்ளைக்குப் புத்தி சரியாகத்தான் வேலை செய்தது. ஸுஹைறா அவளுடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பின்வாசல் கிறிலை மூடினாள். பூட்டைப் போட்டாள்.

"சத்தம் போடாத. நீ இரிக்கிற எண்டு தெரிஞ்சா இஞ்சயும் வருவான்."

மகளின் வாயைப் பொத்தினாள். மீன் நாற்றம் அடிக்கிற கை. அம்ஹா திமிறினாள். பிறகு திமிறவில்லை.

முன்வாசலுக்குப் போய் ஒழுங்கை அதிரக் கூவியிருக்கலாம். நாலைந்து வீட்டுப் பெண்களாவது அலவாங்கும் உலக்கையுமாக வந்திருப்பார்கள். இந்த ஊர்ப் பெண்கள் அதற்குப் பின்நிற்கிறவர்கள் அல்ல. அவள் கூவவில்லை. கிறிலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவன் வீட்டுக்குள் அலுமாரியை உடைக்கிற சத்தம். மற்றவன் பின்வாசலில் நின்று, "சத்தம் போடாதடி" என்று அதட்டுகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே ஷாஹினாவின் குரல். அது ஒரு கணம் கூட நிற்கவில்லை. மதிலடியை விட்டு நகரவும் இல்லை.

"சாச்சி, நீங்க நிக்கிறீங்க. பூட்டுற சத்தம் கேட்டிச்சி சாச்சி. அல்லாஹ்வுக்காகத் திறங்க."

பள்ளியில் தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கும் வரை அந்தக் குரல் கேட்டது. ஆட்கள் கலைந்து வரத் தொடங்கியதும் கள்ளர் இருவரும் அவசரமில்லாமல் வெளியே போனார்கள். வெள்ளை ஜுப்பாக்களுக்கு நடுவே இன்னும் இரண்டு வெள்ளை ஜுப்பா. யாருக்குத் தெரியும்?

ஆண்கள் ஓடி வந்து கூடியபோது ஸுஹைறாவும் தலையை நன்றாகச் சுற்றிப் போர்த்துக்கொண்டு வந்தாள். "என்ன, என்ன நடந்த?" என்று கேட்டாள். ஷாஹினா நிலத்தில் குந்தியிருந்தாள், கையிரண்டும் தோலுரிந்து. சாச்சியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை வந்த வேகத்தில்தான் ஸுஹைறாவின் வாயிலிருந்து பொய்யும் வந்தது.

"வோஷிங் மெஷின் ஓடின. எங்களுக்கு ஒண்டுமே கேக்கல்ல."

யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. கலியாண மாலையும் காப்பும் போயிருந்தன. ஊர் அதைப் பற்றி ஒரு நாள்தான் பேசியது. அடுத்த நாளிலிருந்து வேறு பேச்சு. ரெண்டு ஆம்பிளை, ஒரு குமர், பூட்டின வீடு, அவ்வளவு நேரம் என்ன செய்தார்கள்? மதிலடியில் நின்று கத்தினாளாம், பக்கத்து வீட்டில் இருந்த சொந்தச் சாச்சிக்கே கேட்கவில்லையாம். அப்படியென்றால் கத்தினாளா? வாய்க்குள் வெற்றிலையைக் குதப்புகிற மாதிரி அந்தப் பிள்ளையின் பெயரைக் குதப்பினார்கள். பாவம் என்று சொல்லிக்கொண்டே குதப்பினார்கள். இந்த ஊரில் பாவம் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டும்.

அப்ராஸின் உம்மா ஒரு நாள் பின்னேரம் ஸுஹைறாவிடம் தனியாக வந்தாள். சுற்றி வளைக்காத மனிசி. வந்து உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"தங்கச்சி, நான் ஊர்க் கதைக்கு ஆடுற ஆளில்ல. புள்ள கடைசி மட்டும் மதிலடியிலதான் நிண்டதெண்டு சொல்றாள். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நீங்க. சத்தம் கேட்டதெண்டு உங்கட வாயால ஒரு சொல்லுச் சொல்லுங்க. எனக்கு அது போதும். நாளைக்கே காவின வெச்சிடுவன்."

ஒரு சொல்தான். ஸுஹைறா அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கேட்டது என்றால், ஏன் திறக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்ததைக் கள்ளனிடம் விட்டுவிட்டுப் பூட்டைப் போட்டவள் என்று நிந்தவூர் வரை பேச்சுப் போகும். அப்படிப்பட்ட தாயின் மகளை யார் கேட்டு வருவான்? ஒரு தட்டில் ஷாஹினாவின் பெயர், மறுதட்டில் அம்ஹாவின் பெயர். அவளுக்குக் கணக்குச் சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததுதான் கொடுமை.

"அல்லாஹ் அறிய எனக்கு ஒண்டும் கேக்கல்ல. கேட்டிருந்தா சும்மா இரிப்பனா? என்ட ராத்தாட புள்ளயல்லோ."

வந்த மனிசி தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனாள். அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது. ஷாஹினா சிறுபிள்ளைகளுக்குப் படிப்பித்த இடத்துக்குப் போவதை விட்டாள். பிறகு முற்றத்துக்கு வருவதையும் விட்டாள். உடுப்புக் காயப் போடுவது இப்போது றுக்ஸானாதான். மதிலுக்கு மேலால் ஒரு கோப்பை ஆணமும் வரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. ராத்தா கோபித்துச் சண்டை பிடித்திருந்தால் ஸுஹைறாவுக்கு நன்றாக இருந்திருக்கும். திருப்பிக் கத்தியிருக்கலாம்.

நோன்பு வரும் காலத்தில் கலியாணத் தரகர் வந்தார். வாயெல்லாம் பல். நிந்தவூர் ஆட்கள் அம்ஹாவைக் கேட்கிறார்களாம். அதே அப்ராஸுக்குத்தான்.

"அவங்களுக்கு இந்தக் குடும்பத்தில விருப்பம். ஒரு கறை இல்லாத புள்ள, காவலான வீடு எண்டு அவங்களே சொன்ன" என்று தரகர் கிறிலை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

கத்தாரிலிருந்து ஜுனைட் ஃபோனில் அல்ஹம்துலில்லாஹ் என்றான். ஸுஹைறாவுக்குச் சந்தோஷம் வந்தது. வந்ததை இல்லையென்று சொல்லக்கூடாது. அன்று முழுவதும் வீட்டைக் கூட்டிக் கழுவினாள். தலையணை உறைகளை மாற்றினாள். வேலை செய்துகொண்டே காரணமில்லாமல் இரண்டு தடவை அழுதாள்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு முன்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். றுக்ஸானா. அபாயா போட்டு, செருப்புப் போட்டு, தெருவால் வந்திருந்தாள், அந்நிய வீட்டுக்கு வருகிறவள் மாதிரி. கிறிலுக்கு வெளியே நின்றாள். மெலிந்து போயிருந்தாள்.

"உள்ள வாங்க ராத்தா."

"இல்ல. நிண்டு கதைச்சிட்டுப் போறன். அம்ஹாவக் கேக்காங்களாம். நல்ல இடம். எங்களுக்காகப் பாக்காம குடு."

ஸுஹைறா பூட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டு மட்டும் கேக்கன்" என்றாள் றுக்ஸானா. "ஊருக்குச் சொல்ல வேணா. புள்ளட வாப்பாக்கும் நான் சொல்லமாட்டன். ஷாஹினா இப்ப தன்னையே நம்புறாளில்ல. நான் கத்தினனா உம்மா, இல்லாட்டிக் கத்தின மாதிரி நினைச்சனா எண்டு கேக்காள். சாப்பிடக்குள்ளயும் கேக்காள், தொழுதிட்டும் கேக்காள். என்ட புள்ளைக்குப் பைத்தியம் புடிக்கப் பாக்குது ஸுஹைறா. அவளுக்குப் போய்ச் சொல்றதுக்குத்தான் வந்த. உனக்குக் கேட்டதா?"

ஸுஹைறாவுக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இதை மறைத்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஊருக்கு இல்லை, நிந்தவூருக்கு இல்லை, ராத்தாவுக்கு மட்டும். ஓம் என்றால் போதும். அந்தப் பிள்ளைக்கு உறக்கம் வரும். அவள் கிறில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா..."

"எங்களுக்கு ஒண்டும் கேக்கல்ல பெரியம்மா."

அம்ஹா வந்து தாயின் தோளோடு நின்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "வோஷிங் மெஷின் ஓடின. கேட்டிருந்தா உம்மா சும்மா இரிப்பாவா?"

தடுமாறாத குரல். ஒரு சொல்கூட மாறவில்லை. றுக்ஸானா தன் மடியில் போட்டுக் காய்ச்சலுக்கு ஒத்தடம் கொடுத்த அந்த முகத்தைப் பார்த்தாள். தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி மகள்" என்றாள். தெருவால் திரும்பிப் போனாள்.

ஸுஹைறா மகளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பிள்ளைதான் கதிரையைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு ஓடியது. சாக்கைப் போடச் சொன்னது. அது எங்கே போனது என்று தேடுகிறவள் மாதிரி அவளுடைய கண்களையே பார்த்தாள்.

"ஏன் அப்பிடிப் பாக்கிறீங்க? நீங்க சொல்லப் பாத்தீங்க உம்மா. சொல்லியிருந்தா எனக்கு யாரு வருவா?"

ஸுஹைறாவுக்குப் பயமாக இருந்தது. சபியா உம்மாவின் காதைப் பார்த்தபோது வந்த பயம் அல்ல. கிறில் அடித்த வீட்டுக்குள், பக்கத்தில் நிற்கிற தன் பிள்ளையைப் பார்த்து வந்த பயம். அதை யாரிடம் போய்ச் சொல்வது? முன்போல ராத்தா இருந்தால் சொல்லியிருக்கலாம்.

அம்ஹா தாயின் கையிலிருந்த திறப்பை வாங்கி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு அவங்க வரக்குள்ள நான் எத உடுக்கிற உம்மா?" என்று கேட்டாள்.

"பச்சைய உடு மகள்" என்றாள் ஸுஹைறா.